வச்சத தேடுனா கிடைக்கணும்ல! வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சர்ச் இன்ஜின்ல டேட்டா போட்டு எடுக்கறத பத்தி நாலு வரி எழுதினேன், எலாஸ்டிக்சர்ச்னு ஒரு தேடல் சாஃப்ட்வேரோட பேர் சொன்னதுதான் தாமதம், இன்பாக்ஸ் நிறைஞ்சிருச்சு. ஒரே மாதிரி கேள்விங்கள சேத்து கட்டி பதில் சொல்லிருக்கேன்.

கேள்வி: என் ஆப்ல நாலு லட்சம் பொருளோட விவரம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல இருக்கு. லைக் (LIKE) கொயரி போட்டு தேடுனா ரொம்ப ஸ்லோ. எலாஸ்டிக்சர்ச் போடு சரியாயிடும்ங்கறாங்க. அது உள்ள அப்படி என்னதான் பண்ணுது?

லைக்ல ரெண்டு பக்கமும் பர்சன்ட் குறி போட்டிருப்பீங்க, அதான் சிக்கல். டேட்டாபேஸ் இண்டெக்ஸ் அகராதி மாதிரி, முதல் எழுத்துலேந்து வரிசையா அடுக்கி வச்சிருக்கும். "க"ல ஆரம்பிக்கறத கேட்டா டக்னு அந்த பக்கத்த திறந்துடலாம், ஆனா "நடுவுல எங்கயாவது கல்னு வர்ற வார்த்தை எல்லாம் குடு"ன்னா அகராதிய முதல் பக்கத்துலேந்து புரட்டறத தவிர வேற வழியே இல்ல. நாலு லட்சம் வரியையும் ஒவ்வொரு தேடலுக்கும் புரட்டிட்டு இருக்கு பாவம்.

சர்ச் இன்ஜின் இத தலைகீழா பண்ணுது. பாடப்புத்தகத்துக்கு கடைசில சொல்லடைவு இருக்கும்ல, எந்த சொல் எந்தெந்த பக்கத்துலன்னு, அதே கதைதான். மூணு பொருள் இருக்குன்னு வச்சுக்குங்க: 1 சிவப்பு பேனா, 2 நீல பேனா, 3 நீல நோட்டு. உள்ள போனதும் அது சொல் சொல்லா உடைச்சு, சிவப்பு: 1, பேனா: 1, 2, நீல: 2, 3, நோட்டு: 3ன்னு எழுதி வச்சுக்கும். இதுக்கு பேரு இன்வர்ட்டட் இண்டெக்ஸ். இப்ப நீங்க "சிவப்பு பேனா"ன்னு தேடுனா ரெண்டு சொல்லுக்கும் லிஸ்ட்ட எடுக்கும், அவ்ளோதான் வேலை, எந்த பொருளையும் திறந்து படிக்கவே வேணாம். 1 ரெண்டு லிஸ்ட்டுலயும் இருக்கறதால மேல வரும், 2 கீழ வரும், 3 வராது. "ஏன் நீல பேனாவும் வருது?"ன்னு அடுத்த மெயில் போட்டுடாதீங்க, மேட்ச் கொயரி சும்மா விட்டா ஏதாவது ஒரு சொல் இருந்தா போதும்னு எடுத்துக்கும், எல்லா சொல்லும் இருந்தே ஆகணும்னா ஆபரேட்டர் "அண்ட்"னு சொல்லணும். எது மேல வரணும்ங்கறதுக்கு பிஎம் 25னு ஒரு கணக்கு, அபூர்வமா வர்ற சொல்லுக்கு மதிப்பு ஜாஸ்தி, எல்லாத்துலயும் வர்ற சொல்லுக்கு மதிப்பு கம்மி, சின்ன வாசகத்துல வந்தா கொஞ்சம் கூடுதல் மார்க்.

இந்த வேலைய நிஜத்துல செய்யறது லூசீன்னு ஒரு ஜாவா லைப்ரரி, டக் கட்டிங் 1999ல எழுதினது. ஷே பேனன்னு ஒரு புரோகிராமர் தன் மனைவி சமையல் குறிப்பு தேட ஒரு ஆப் பண்ணித் தரலாம்னு லூசீன்ல கைவச்சு, அது எங்கெங்கயோ போய் 2010ல எலாஸ்டிக்சர்ச்சா வெளிய வந்துச்சு.

ஆனா ஒண்ணு சொல்லிடறேன், நாலு லட்சம் வரிக்கு இன்னொரு சர்வர் ஏத்தி அத கட்டி மேய்க்கறதுக்கு முன்னாடி, மைஎஸ்க்யூஎல்லயே இருக்கற ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸ ஒரு சாயங்காலம் போட்டு பாருங்க. 5.6 வெர்ஷன்லேந்து இன்னோடிபிங்கற அதோட ஸ்டோரேஜ் இன்ஜின்லயும் இருக்கு. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் வச்சிருக்கவங்களுக்கும் அதுலயே இருக்கு. எழுத்துப்பிழைய சமாளிக்கணும், எது மேல வரணும்னு நாமளே திருகி வைக்கணும், பிராண்டுக்கு இத்தனை கலருக்கு இத்தனைன்னு எண்ணி காட்டணும், இப்படி ஆசை வளந்தா அப்ப எலாஸ்டிக்சர்ச்சுக்கு வாங்க.

கேள்வி: எலாஸ்டிக்சர்ச் இன்ஸ்டால் பண்ணிட்டேன், பிரவுசர்ல அதோட 9200 போர்ட்ட திறந்தா ஒண்ணுமே வரல. பாத்த டுடோரியல்ல உடனே வந்துச்சே?

அந்த டுடோரியல் பழசு. எலாஸ்டிக்சர்ச் 8.0லேந்து செக்யூரிட்டி தானாவே ஆன் ஆயிருக்கும், அதனால எச்டிடிபி போட்டா வாயே திறக்காது, எச்டிடிபிஎஸ் போடணும். பிரவுசர் சர்டிஃபிகேட் சரியில்லன்னு மிரட்டும், அது அதுவே தயாரிச்சுக்கிட்ட சர்டிஃபிகேட், உங்க சொந்த லேப்டாப்தானே, தாண்டிப் போங்க. யூசர் நேம் எலாஸ்டிக். பாஸ்வேர்டு முத தடவ ஸ்டார்ட் ஆகும்போது டெர்மினல்ல ஒரே ஒரு தடவ காட்டும், நம்ம ஆளுங்க லாக் ஓடுதுன்னு பாக்காம விட்டுடுவாங்க. பரவால்ல, பாஸ்வேர்ட ரீசெட் பண்ண பின் (bin) ஃபோல்டர்லயே ஒரு கமாண்ட் இருக்கு. தொல்லையா இருக்குன்னு செக்யூரிட்டிய அணைச்சு வச்சு, அதே செட்டிங்கோட ஒருநாள் இன்டர்நெட்ல ஏத்திடாதீங்க, திறந்து கிடக்கற 9200ஐ தேடி ஸ்கேன் பண்ணிட்டே திரியற கூட்டம் ஒண்ணு இருக்கு.

கூடவே இன்னொருத்தர் "கிளஸ்டர் மஞ்சள்ல நிக்குது, ஏதாவது உடைஞ்சிருச்சா?"ன்னு பயந்து கேட்டிருக்கார். ஒண்ணும் உடையல. கிளஸ்டர்னா எலாஸ்டிக்சர்ச் ஓடற மெஷின்களோட கூட்டம், அதோட நிலைமைய கலர்ல காட்டும். ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும் (இங்க இண்டெக்ஸ்னா டேட்டாவ சேத்து வைக்கற பெட்டி) ஒரு நகல் வேணும்னு அது ஆசப்படுது, ஒரிஜினலும் நகலும் ஒரே மெஷின்ல இருக்கக்கூடாதுன்னு அதுக்கு ஒரு விதி, உங்ககிட்ட இருக்கறதோ ஒரே மெஷின். ரெப்ளிக்காவ, அதாவது நகல் எண்ணிக்கைய, 0 ஆக்குங்க, பச்சை ஆயிடும். சிவப்பு வந்தா மட்டும் பதறுங்க.

கேள்வி: ஒரு டாக்குமென்ட்ட, அதாவது ஒரு பதிவ, போட்டுட்டு அடுத்த வரிலயே தேடுறேன், சில சமயம் வருது, சில சமயம் வரல. என் டெஸ்ட் எல்லாம் லாட்டரி மாதிரி ஆயிடுச்சு.

போட்ட உடனே தேடல்ல தெரியாது. புதுசா வந்ததையெல்லாம் ஒரு பக்கம் சேத்து வச்சு, சாதாரணமா 1 செகண்டுக்கு ஒரு தடவ ரிஃப்ரெஷ்னு பண்ணும்போதுதான் தேடல்ல வரும். ஐடி சொல்லி நேரா கேட்டா மட்டும் உடனே குடுத்துடும், அதனால "இருக்கு ஆனா இல்ல"ன்னு குழம்பும். டெஸ்ட்ல எழுதும்போது ரிஃப்ரெஷுக்கு "வெயிட் ஃபார்"னு குடுங்க, தேடல்ல தெரியற வரைக்கும் காத்திருந்துட்டு பதில் சொல்லும். நிஜ சர்வர்ல ஒவ்வொரு தடவ டேட்டா எழுதும்போதும் கையால ரிஃப்ரெஷ் அடிக்காதீங்க, மூச்சு வாங்கிடும்.

கேள்வி: பேர் ஃபீல்டுல "நீல பேனா"ன்னு அச்சு அசலா இருக்கு. டெர்ம் கொயரில அதே "நீல பேனா"ன்னு குடுத்தா பூஜ்யம்! ரெண்டு நாளா தலைய பிச்சுக்கறேன்.

பிச்சுக்காதீங்க, எல்லாரும் விழற குழிதான். மேல சொன்ன சொல்லடைவ திரும்பி பாருங்க, அதுல "நீல" இருக்கு, "பேனா" இருக்கு, "நீல பேனா"ன்னு ஒரு சொல் இருக்கா? இல்ல. டெர்ம் கொயரி நீங்க குடுத்தத உடைக்காம அப்படியே அடைவுல தேடும், இல்லாதத எங்கேந்து கொண்டு வரும்?

வாசகத்த வைக்க ரெண்டு வகை ஃபீல்டு இருக்கு. டெக்ஸ்ட்னா உடைச்சு வைக்கும், தேடறதுக்கு. கீவேர்டுன்னா முழுசா ஒரே துண்டா வைக்கும், அது அப்படியே பொருத்தி பாக்க, வரிசைப்படுத்த, எண்ண. நீங்க எதுவும் சொல்லாம விட்டா எலாஸ்டிக்சர்ச் ரெண்டையும் வச்சுக்கும், பேர் ஃபீல்டுக்கு கீழ கீவேர்டுன்னு ஒரு துணை ஃபீல்டு இருக்கும், டெர்ம அதுமேல அடிங்க. வரிசைப்படுத்தறதும் அதுமேலதான், டெக்ஸ்ட் மேல பண்ணா ஃபீல்ட்டேட்டா இல்லன்னு எரர் வரும், அந்த எரர்ல சொல்ற செட்டிங்க ஆன் பண்ணிட்டு மெமரி போச்சேன்னு அழுதவங்க நிறைய.

சந்தேகம் வந்தா அனலைஸ்னு ஒரு ஏபிஐ இருக்கு, ஒரு வாசகத்த குடுத்தா அத எப்படி துண்டு போடுதுன்னு அப்படியே காட்டும். தேடல் சொதப்புனா நான் முதல்ல திறக்கறது அதத்தான்.

கேள்வி: மேப்பிங், அதாவது எந்த ஃபீல்டு எந்த வகைன்னு சொல்ற பட்டியல், எழுதியே ஆகணுமா? அதுவாவே கண்டுபிடிச்சுக்குதே?

கண்டுபிடிக்குது சார், அதான் பயம். எனக்கு நடந்தத சொல்றேன். ஒரு வேலைல "குறிப்பு"ன்னு ஒரு ஃபீல்டு, ஆளுங்க மனசுக்கு வந்தத எழுதற இடம். முதல்ல உள்ள போன டாக்குமென்ட்ல யாரோ அதுல "2023-05-01"னு மட்டும் எழுதிருந்தாங்க. அது பாத்துச்சு, ஓ இது தேதின்னு முத்திரை குத்திடுச்சு. அடுத்து "திங்கக்கிழமை கூப்பிடணும்"னு வந்த குறிப்பு எல்லாம் பார்ஸ் ஆகலன்னு வெளிய தள்ளிடுச்சு. பல்க்கா (மொத்தமா ஒரே தடவைல) ஏத்துனதால ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பதில் வரும், மொத்த ரெஸ்பான்ஸ் 200 தானே, எல்லாம் ஓகேன்னு நான் காபி குடிக்க போயிட்டேன். பாதிக்கு மேல உள்ளயே போகலன்னு அடுத்த நாள்தான் தெரிஞ்சுது. பல்க் பதில்ல "எர்ரர்ஸ்"னு ஒரு ஃபீல்டு இருக்கு, அது ட்ரூவான்னு பாக்காம நகராதீங்க.

சரி தப்பா குத்திடுச்சு, மாத்திடலாம்னா இருக்கற ஃபீல்டோட வகைய மாத்த விடாது, ஏற்கனவே அந்த மாதிரி எழுதி வச்சாச்சே. புது இண்டெக்ஸ் சரியான மேப்பிங்கோட உருவாக்கி, ரீஇண்டெக்ஸ் அடிச்சு, எல்லாத்தையும் அங்க கொண்டு போகணும். அதனால முத நாளே ஒரு பழக்கம் வச்சுக்குங்க, ஆப்ல இண்டெக்ஸோட நிஜப்பேர எழுதாம ஏலியாஸ்னு ஒரு மாற்றுப்பேர் வச்சு அத எழுதுங்க. உள்ள பொருள்1ங்கற இண்டெக்ஸ் போய் பொருள்2 வந்தாலும் ஏலியாஸ திருப்பி விட்டா போதும், ஆப்புக்கு தெரியவே தெரியாது. மேப்பிங் எழுத உக்காரும்போது "என்ன டேட்டா இருக்கு"ன்னு யோசிக்காதீங்க, "இத வச்சு ஜனங்க என்ன கேப்பாங்க"ன்னு ஒரு பேப்பர்ல பத்து கேள்வி எழுதுங்க. போன் நம்பர கூட்டி கழிக்க போறீங்களா? இல்லல்ல, அப்ப அது எண் இல்ல, கீவேர்டு.

கேள்வி: தமிழ்ல தேடுனா சரியா வருமா? "வீடு"ன்னு தேடுனா "வீட்டில்"னு இருக்கறது வரல.

சொல்ல உடைக்கறதுல பிரச்சன இல்ல, இடைவெளி பாத்து ஒழுங்கா உடைக்கும். ஆனா அதுக்கு வீடு, வீட்டில், வீட்டுக்கு எல்லாம் வேற வேற சொல். எட்ஜ் என்கிராம்னு சொல்லோட தொடக்கத்த துண்டு துண்டா வச்சுக்கற வழி ஒண்ணு இருக்கு, அத போட்டா வீடு தேடுனா வீடுகள் வரும், வீட்டில் அப்பவும் வராது, ஏன்னா நடுவுல புள்ளி வச்ச ட் வந்து உக்காந்துருக்கே. அத போடறவங்க இன்னொண்ணையும் கவனிங்க, நமக்கு வீடு ரெண்டு எழுத்து, அதுக்கு நாலு: வ, ஈகாரக் குறி, ட, உகாரக் குறி. மூணுல வெட்டுன்னா "வீட"ன்னு அரைகுறையா வெட்டும். உருப்படியான வழின்னா வேர்ச்சொல்லா சுருக்கறதுதான், ஸ்னோபால்னு ஒரு திட்டத்துல தமிழுக்கும் ஸ்டெம்மர் இருக்கு, உள்ள போடறதுக்கு முன்னாடியும் தேடறதுக்கு முன்னாடியும் உங்க கோடுலயே அதுல ஒரு சுத்து விட்டு எடுத்து தனி ஃபீல்டுல வைக்கலாம். ரெண்டு பக்கமும் பண்ணணும், ஒரு பக்கம் பண்ணா பிரயோஜனம் இல்ல.

இத விட வில்லங்கம் ஒண்ணு இருக்கு. "கொ"ன்னு அடிக்கறப்ப சில கீபோர்டு ஒகரத்த ஒரே குறியா வைக்கும், சிலது கொம்பு தனி கால் தனின்னு ரெண்டா வைக்கும். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், தேடலுக்கு வேற வேற. ஐசியூன்னு யூனிகோட் எழுத்த கையாள ஒரு பிளகின் இருக்கு, அத போட்டு அதோட நார்மலைசர சேத்துடுங்க, ரெண்டும் ஒண்ணாயிடும். தமிழ் டேட்டான்னா இத நான் கேள்வி கேக்காம போட்டுடுவேன்.

கேள்வி: அப்ப டேட்டாபேஸே வேணாம், எல்லாத்தையும் இதுலயே வச்சுக்கலாமா?

வேணாம். ரெண்டு டாக்குமென்ட்ட சேத்து மாத்தணும், ஒண்ணு சொதப்புனா ரெண்டும் பழையபடி ஆகணும்னா அதுக்கு டிரான்சாக்‌ஷன் இதுல கிடையாது. மேப்பிங் தப்பாகி முதல்லேந்து ஏத்தற நாள் கண்டிப்பா வரும், அன்னிக்கு ஒரிஜினல் வேற எடத்துல பத்திரமா இருக்கணும்.

கேள்வி: எலாஸ்டிக்சர்ச்சா ஓபன்சர்ச்சா?

2021ல எலாஸ்டிக் கம்பெனி லைசென்ஸ மாத்துனதும் அமேசான் பழைய கோட எடுத்து ஓபன்சர்ச்னு தனியா கிளப்புச்சு. 2024ல எலாஸ்டிக்சர்ச்சுக்கு ஏஜிபிஎல்ங்கற ஓபன் சோர்ஸ் லைசென்ஸும் வந்துருச்சு. ஆரம்பிக்கறவங்களுக்கு மேல சொன்னதுல பெரும்பாலும் ரெண்டுலயும் ஒண்ணுதான், உங்க கம்பெனி எந்த கிளவுட்ல இருக்கோ அத பாத்து எடுங்க. சின்ன சைட்டுக்கு ஒரு தேடல் பெட்டி மட்டும்தான் வேணும்னா மெய்லிசர்ச், டைப்சென்ஸ்னு இருக்கற வேற ரெண்டு சர்ச் இன்ஜினையும் ஒரு தடவ பாத்துடுங்க, பாதி தலைவலி குறையும்.

கேள்வி: லட்சக்கணக்குல பழைய லாக் (log) பதிவுகள டெலீட் பண்ணேன், டிஸ்க் குறையவே இல்ல. இப்ப புதுசா எழுதவும் விடமாட்டேங்குது!

லூசீன் ஒரு தடவ எழுதுன ஃபைல்ல திரும்ப கை வைக்காது, டெலீட்னா "இது செத்தது"ன்னு ஒரு குறி மட்டும்தான். பிற்பாடு ஃபைல்கள ஒண்ணா சேக்கும்போதுதான் செத்தத விட்டுட்டு எழுதும், அப்பதான் இடம் திரும்ப வரும், அப்படி சேக்கறதுக்கே கொஞ்சம் இடம் வேணும்ங்கறது தனி கொடுமை. டிஸ்க் 95 சதவீதம் தொட்டா அது தன்ன காப்பாத்திக்க எழுதறத பூட்டிடும், நீங்க அதுலதான் மாட்டிருக்கீங்க. இப்போதைக்கு வேண்டாத இண்டெக்ஸ் ஒண்ண முழுசா தூக்குங்க, முழுசா தூக்குனா ஃபைலே போயிடும், இடம் உடனே வரும், 90க்கு கீழ இறங்குனதும் புது வெர்ஷன்ல பூட்டு தானா திறந்துக்கும். இனிமே லாக்குக்கு மாசத்துக்கு ஒரு இண்டெக்ஸ்னு போடுங்க, பழசு வேணாம்னா அந்த மாசத்த அப்படியே தூக்கிப் போட்டுடலாம், ஒவ்வொண்ணா டெலீட் அடிச்சுட்டு உக்காந்திருக்க வேணாம்.