குபெர்னெட்டிஸ்: எந்த கிளையன்ட் லைப்ரரி? கேள்வி பதில்

கேள்வி: சார், எங்க டீம் முழுக்க பைத்தான். குபெர்னெட்டிஸோட பேச கோ கத்துக்கிட்டே ஆகணுமா?

பதில்: வேண்டாம். குபெர்னெட்டிஸ் என்பது பல மெஷின்களை ஒரே கூட்டமாக (கிளஸ்டர்) சேர்த்து கன்டெய்னர்களை ஓட்டும் கருவி; அதன் சர்வரோடு உங்கள் புரோகிராம் பேச உதவுவதுதான் கிளையன்ட் லைப்ரரி. ராத்திரி ஒரு ஜாபை ஓட்டி, முடிந்ததும் லாகை எடுப்பதுதான் வேலை என்றால் அதிகாரபூர்வ பைத்தான் கிளையன்டே தாராளம். கிளஸ்டரில் நடக்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் விடாமல் கவனிக்க வேண்டும் என்றால் கதை வேறு. மொழியைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்க்கணும். கோ மொழிக்கான அதிகாரபூர்வ லைப்ரரியான கிளையன்ட்-கோவில் 'இன்ஃபார்மர்' இருக்கிறது. முதலில் லிஸ்ட் (இப்போது இருப்பவற்றின் முழுப் பட்டியல்) எடுக்கும், அங்கிருந்து வாட்ச் போடும் (அதாவது மாற்றங்களைத் தொடர்ந்து கவனிக்கும்), தொடர்பு அறுந்தால் தானே மறுபடி பிடித்துக்கொள்ளும், எல்லாவற்றையும் மெமரியில் கேஷாக வைத்திருக்கும். பைத்தானில் நீங்களே வாட்ச் லூப் எழுதினால் என்றைக்காவது 410 என்ற பிழை வந்து நிற்கும். நீங்கள் கேட்கும் ரிசோர்ஸ் வெர்ஷன் (எதுவரை பார்த்தீர்கள் என்ற அடையாளம்) சர்வரிடம் இப்போது இல்லை என்று அர்த்தம். திரும்ப லிஸ்ட்டிலிருந்து ஆரம்பிப்பது உங்கள் தலையில்தான் விழும். அதை எழுதப் பொறுமை இல்லையா, இதைத் தானே பார்த்துக்கொள்ளும் பைத்தான் ஃபிரேம்வொர்க்கான கோப்ஃப் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜாவால ரெண்டு கிளையன்ட் இருக்கே அண்ணா?

பதில்: என் ஓட்டு ஃபேப்ரிக்8-க்கு. அதிகாரபூர்வமானது ஓப்பன்ஏபிஐ வரையறையிலிருந்து மெஷின் எழுதிய கோடு. அதன் பழைய பதிப்புகளில் பாட் (கன்டெய்னர்கள் ஓடும் அலகு) பட்டியல் எடுக்கவே நல், நல், நல் என்று ஒரு வரி முழுக்க அடிக்கணும். ஃபேப்ரிக்8-இல் `கிளையன்ட்.பாட்ஸ்().இன்நேம்ஸ்பேஸ்("கடை").லிஸ்ட்()`, அவ்வளவுதான். டெஸ்ட்டுக்கு மாக் (போலி) சர்வரும் கூடவே வருகிறது. குவார்க்கஸ் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் எழுதுபவர்களுக்கு யோசனையே வேண்டாம், அதற்குள் இருப்பதும் இதுதான்.

கேள்வி: ரஸ்ட்?

பதில்: கியூப்-ஆர்எஸ். தைரியமாகப் போங்கள்.

கேள்வி: லைப்ரரி வெர்ஷனும் கிளஸ்டர் வெர்ஷனும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணுமா?

பதில்: கிளையன்ட்-கோ 0.30 என்றால் கிளஸ்டர் 1.30-க்கானது, பைத்தானில் அதுவே 30. ஒரு படி முன்னே பின்னே இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கடிப்பது, நீக்கப்பட்ட ஏபிஐ. 1.22-இல் இன்கிரஸின் (வெளியிலிருந்து வரும் போக்குவரத்தை உள்ளே அனுப்பும் விதி) பீட்டா வடிவங்களைத் தூக்கிவிட்டார்கள். பழைய லைப்ரரி அதையே போய்க் கேட்டால் 404-தான், அதாவது 'அப்படி ஒன்று இல்லை' என்ற பதில்தான் வரும்.

கேள்வி: பாட் நல்லா ஓடிக்கிட்டே இருந்து திடீர்னு 401 வருது. ரீஸ்டார்ட் பண்ணா சரியாகிடுது.

பதில்: லைப்ரரி பழசு. 401 என்றால் 'நீ யாரென்று தெரியவில்லை' என்று சர்வர் மறுக்கிறது. குபெர்னெட்டிஸ் 1.21 முதல் பாடுக்குள் வரும் டோக்கனுக்கு (அடையாளச் சீட்டு) காலாவதி உண்டு. ஒவ்வொரு மெஷினிலும் ஓடும் குபெர்னெட்டிஸ் ஏஜென்டான குபெலெட் அதைப் புதுப்பித்து அதே ஃபைலில் எழுதிவிடும். ஆனால் உங்கள் லைப்ரரி தொடக்கத்தில் படித்ததையே பிடித்துக்கொண்டிருக்கிறது. பைத்தானில் 12.0.0, அதிகாரபூர்வ ஜாவா கிளையன்டில் 9.0.0, கிளையன்ட்-கோவில் 0.15.7, இவற்றுக்குக் கீழே இருந்தால் உடனே ஏற்றுங்கள்.

கேள்வி: ஆயிரம் பாடுக்கு லேபிள் ஒட்டுற கோ புரோகிராம் ஆமை வேகத்துல போகுது. சர்வர் மந்தமா?

பதில்: சர்வரைத் திட்டாதீர்கள் தம்பி. கிளையன்ட்-கோ தனக்குத்தானே கடிவாளம் போட்டுக்கொள்கிறது: வினாடிக்கு 5 அழைப்பு, ஒரே மூச்சில் அதிகபட்சம் 10. ஆயிரத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகத்தான் செய்யும். ரெஸ்ட் கான்ஃபிகில் (கிளையன்ட் இணைப்பு அமைப்பு) க்யூபிஎஸ் (வினாடிக்கான அழைப்பு), பர்ஸ்ட் (ஒரே மூச்சில் அதிகபட்சம்) இரண்டையும் 50, 100 என்று ஏற்றிப் பாருங்கள். பலர் சேர்ந்து பயன்படுத்தும் கிளஸ்டர் என்றால் அட்மினிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.