எல்லோருக்கும் அக்காவாக இருப்பவர் மையத்தை நடத்தலாமா?

கேள்வி: மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு சமூகநலச் சங்கம் நடத்தும் சந்திப்பு அறையில் ஏழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மணவிலக்குப் பெற்ற பெற்றோர், நீதிமன்ற உத்தரவின்படி சனிக்கிழமைகளில் எங்கள் முன்னிலையில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருங்கிணைப்பாளர் ஆண்டு இறுதியில் ஓய்வு பெறுகிறார். அந்தப் பொறுப்புக்கு விண்ணப்பிக்க ஆசை. ஆனால் என்னிடம் பாலர் கல்வி டிப்ளோமா மட்டுமே இருக்கிறது. போட்டியிடும் இளம்பெண் உளவியல் பட்டதாரி. ஊரில் எல்லோருக்கும் நான் ‘அக்கா’. அந்தப் பலத்தை நேர்முகத் தேர்வில் எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: கட்டாயம் விண்ணப்பியுங்கள். அந்த ‘அக்கா’வை மட்டும் முதல் வரியில் வைக்காதீர்கள்.

உங்கள் ஊரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைத்த காலத்திலிருந்தே அறிவேன். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானது அங்குள்ள தென்னமரத்தில்தான். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துக்குத் தோட்டம் பெண் கொடுத்துப் பெண் எடுத்த இடம். அங்கே ஒரு வழக்கு வந்தால், தாய் உங்கள் பள்ளித் தோழியாக இருப்பார். தந்தை உங்கள் கொழுந்தனாருடன் ஆலையில் வேலை செய்வார். உங்களை அக்கா என்று இருவரும் அழைக்கலாம். ஆனால் ‘அக்கா யார் பக்கம்?’ என்ற கேள்வி இருவர் மனத்திலும் ஓடும். தேர்வுக் குழுவில் விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலும் இதைத்தான் முதலில் கேட்பார்.

ஆகவே நேர்முகத்துக்கு ஒரு பக்க விதியை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: உறவினர், அண்டை வீட்டார், கடன் கொடுத்தவர் அல்லது வாங்கியவர் சம்பந்தப்பட்ட சந்திப்பை எந்த ஊழியரும் மேற்பார்வையிடக் கூடாது, அப்படி ஒரு தொடர்பு இருந்தால் முதல் நாளே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மாற்று ஊழியர் யார் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். சங்கத் தலைவரின் மைத்துனர் வழக்கு வந்தாலும் இதே விதிதானா என்று நீங்களே குழுவிடம் கேளுங்கள். சற்று நேரம் யாரும் பேச மாட்டார்கள். பரவாயில்லை.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். இப்படியொரு சந்திப்பு அறையில் நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பாட்டி இரண்டு பஸ் மாறி, பேரனுக்கு முறுக்கும் அதிரசமும் தூக்குச் சட்டியில் எடுத்து வந்தார். உத்தரவில் தந்தையின் பெயர் மட்டுமே இருந்தது. வாசலில் நின்ற பாட்டியைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை, உள்ளே விட்டேன். அடுத்த இரண்டு மாதம் தாய் பிள்ளையை அழைத்து வரவேயில்லை. என் இரக்கத்துக்கு அந்தச் சிறுவன்தான் விலை கொடுத்தான். பொறுப்பாளர் என்பவர் ஊழியர் இரக்கப்படும் அந்த நிமிடத்துக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருப்பவர்.

அடுத்தது, சந்திப்பில் நடந்ததை எழுதி வைக்கும் குறிப்பேடு. ‘குழந்தைக்கு அப்பாவைப் பிடிக்கவில்லை’ என்பது குறிப்பல்ல, தீர்ப்பு. ‘3.10க்கு அப்பாவின் மடியில் ஏறினாள். 3.25க்கு அம்மா எப்போது வருவார் என்று இரண்டு முறை கேட்டாள்’ என்பதே குறிப்பு. ‘குடித்திருந்தார்’ என்று எழுதாதீர்கள். வாசனை வந்தது, நடை தடுமாறியது என்று கண்டதை எழுதுங்கள். முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 88ஆம் பிரிவு பிள்ளையின் நலனையே முதன்மையாகக் கருதச் சொல்கிறது. அந்த நலன் எதில் இருக்கிறது என்று முடிவு செய்பவர் நீதிபதி. உங்கள் கையெழுத்திலுள்ள பழைய குறிப்புகளில் நல்லதாக இரண்டைப் பெயர், ஊர், அடையாளம் நீக்கிக் குழுவிடம் காட்டலாம். ஒருங்கிணைப்பாளரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பட்டம் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். உளவியல் பட்டம் பெற்ற மாத்திரத்தில் ஒருவர் ஆலோசகராகிவிட மாட்டார். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு வேண்டும். அது உங்களுக்கும் பொருந்தும் என்பதால், விண்ணப்பத்தில் ‘கவுன்சலிங் செய்தேன்’ என்று தவறியும் எழுதாதீர்கள். மேற்படிப்புக்கு ஆசை இருந்தால், பணி அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் ‘அபெல்’ வழியில் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன. அது நிதானமாக நடக்கட்டும்.

சட்டத்தில் இன்னொன்றை மட்டும் தெளிவாகத் தெரிந்துகொண்டு செல்லுங்கள். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், பிள்ளை துன்புறுத்தப்பட்டதாக நம்பக் காரணம் இருந்தால் குழந்தைப் பராமரிப்பாளர் சமூகநல அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிந்தும் சொல்லாமல் இருப்பது, 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி யாராக இருந்தாலும் குற்றம். ‘முதலில் தலைவரைக் கேட்டுவிட்டு’ என்று உங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தால், அதை மாற்றுவேன் என்று நேர்முகத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வேலையை ஏற்குமுன் நீங்கள் கேட்க வேண்டியதும் உண்டு. சந்திப்பைப் பாதியில் நிறுத்தும் அதிகாரம் உங்களிடமா, குழுவிடமா? உங்களிடம் இல்லையென்றால் பதவியை ஏற்க வேண்டாம். உங்கள் மையம் கடைவீட்டில் இருந்தால் பின் சந்து வழியாக இன்னொரு வாசல் திறக்க முடியுமா? ஒரு பெற்றோர் வந்து பதினைந்து நிமிடம் கழித்து மற்றவர் வர ஏற்பாடு செய்தால் கடை முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் வெடிக்கும் சண்டை பாதி குறையும். ஆலை ஷிப்ட் முடிந்து ஓடி வரும் தந்தைக்குச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் சந்திப்பு எட்டாது. ஞாயிறு காலையும் அறையைத் திறக்கலாமா என்று பாருங்கள். சம்பளத்தை எழுத்தில் வாங்குங்கள். ‘சேவைதானே’ என்று இழுப்பார்கள்.

விண்ணப்பம் எந்த மொழியில் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கடிதம் தமிழில் இருக்கட்டும். மாதிரிக் குறிப்புகளை மலாயிலும் வையுங்கள், நீதிமன்றமும் சமூகநல இலாகாவும் படிப்பது அதைத்தான். பிள்ளை பேசியதை மட்டும் பேசியபடியே தமிழில் எழுதி, கீழே மலாய் கொடுங்கள். ‘அப்பா, நீங்க திரும்பிப் போகணுமா?’ என்று பிள்ளை கேட்டால், அந்த வரி அப்படியே ஏட்டில் இருக்க வேண்டும்.