தொடர் படங்களுக்கு விவரிப்பு எழுதுவது எப்படி?

கேரளத்தின் மறையூரில் வெல்லம் காய்ச்சும் நான்கு படங்கள் உங்கள் மின்னூலில் அடுத்தடுத்து வருகின்றன. பார்வையற்ற வாசகருக்காக ஒவ்வொன்றுக்கும் தனி விவரிப்பு வேண்டுமா, ஒன்றே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தனித்தனியாகவே எழுதுங்கள். ஆனால், நான்கையும் ஒரே மூச்சில் காதால் கேட்கப்போகிறவரை மனத்தில் வைத்து எழுதுங்கள். கொட்டகை, அடுப்பு, ஆட்கள் எல்லாம் முதல் விவரிப்பிலேயே வந்துவிடட்டும். அடுத்தவற்றில் மாறியதை மட்டும் சொல்லுங்கள்: "கொப்பரையில் சாறு பாகாக இறுகிவிட்டது, அதே முதியவர் கிளறுகிறார்." பிறகு, "ஆறிய பாகைக் கையால் உருண்டை பிடிக்கிறார்கள்." முதலில் 'முதியவர்' என்றவரை மூன்றாம் படத்தில் 'தொழிலாளி' ஆக்காதீர்கள், கேட்பவர் வேறு ஆள் என்றே நினைப்பார். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

நான்கையும் ஒரே 'ஃபிகர்' (figure) குறிக்குள், அதாவது படங்களைத் தொகுக்கும் HTML குறிக்குள் வைத்துப் பொதுத் தலைப்பு கொடுங்கள். தலைப்பில் உள்ளதை 'ஆல்ட்' (alt) உரையில், அதாவது படத்துக்கு நீங்கள் எழுதும் விவரிப்பில் திருப்பிச் சொல்ல வேண்டாம். 'படம்' என்றும் தொடங்க வேண்டாம். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைத் தானே அறிவித்துவிடும்.

ஒரே காட்சியைத் துண்டுகளாக வெட்டி அடுக்கியிருந்தால் மட்டும் விதி வேறு. முதல் துண்டில் முழு விவரிப்பு; மற்றவற்றில் 'ஆல்ட்' வெறுமையாக இருக்கட்டும். 'ஆல்ட்' குறிப்பையே அடியோடு நீக்கிவிட்டால் சில திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரை வாசிக்கத் தொடங்கிவிடும்.

மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற செய்தி படத்தில் தெரியாது; அதன் இடம் நூலின் உரைப்பகுதிதான். பின்னணியில் மலையாளப் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரிந்தால், அதில் உள்ளதைத் தமிழில் தாருங்கள்.