டாடா முதல் விமானத் தபால் உறைக்கு 65,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: வயது 61. ஓய்வூதியப் பணத்தில் பெரும்பகுதியை வங்கி வைப்பில் போட்டுவிட்டேன். சிறுவயதிலிருந்தே தபால் தலை சேர்க்கிறேன். பழக்கமான வியாபாரி ஒருவர், 1932-ல் டாடாவின் முதல் தபால் விமானத்தில் கராச்சியிலிருந்து சென்னை வந்த உறை என்று ஒன்றைக் காட்டி 65,000 ரூபாய் சொல்கிறார். ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்கிறார். தன் கையெழுத்திட்ட சான்றிதழும் தருகிறாராம். வாங்கலாமா? – வாசகர், திருச்சி.

பதில்: விற்பவரே கொடுக்கும் சான்றிதழுக்கு மதிப்பு கிடையாது. முதலில் அதை ஓரமாக வைத்துவிட்டு உறையைப் பார்ப்போம்.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா, புஸ் மாத் (Puss Moth) என்ற சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபாலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக ஓட்டி, மறுநாள் சென்னையில் இறக்கினார். இந்தத் தேதிகள்தான் உங்களுக்கு அளவுகோல்.

இந்தத் துறையில் முழு உறையையும் போலியாகச் செய்பவர்கள் குறைவு. அதே காலத்துச் சாதாரண உறையை எடுத்து, 'முதல் விமானம்' என்ற முத்திரையை இப்போது குத்திவிடுவதுதான் சுலபம். தாள் பழையது, தபால் தலையும் பழையது, அதிலுள்ள மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் அசல்தான். அதனால் புற ஊதா விளக்கை மட்டும் நம்பாதீர்கள். 1950-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டிய தாள் அதில் நீலமாகப் பளிச்சிடும், சரி. ஆனால் பழைய உறையில் குத்திய புது முத்திரையை அந்தப் பளிச்சிடல் காட்டிக்கொடுக்காது.

உறையைத் திருப்புங்கள். கராச்சி முத்திரை அக்டோபர் 15, சென்னை வந்துசேர்ந்த முத்திரை 16 என்று இருந்தால் நல்ல சாட்சி. ரயில் அந்த வேகத்தில் வந்திருக்கவே முடியாது. 16 ஞாயிற்றுக்கிழமை, ஆகவே பட்டுவாடா முத்திரை 17 என்றிருந்தாலும் பதற வேண்டாம். 19, 20 என்றால் அது ரயிலேறி வந்த கடிதம். பம்பாயில் ஏற்றிய உறையில் இந்தச் சோதனை அவ்வளவு வலுவில்லை, மெயில் ரயிலே சீக்கிரம் கொண்டுவந்துவிடும். அப்புறம், விமானக் கட்டணம் சாதாரணக் கட்டணத்துக்கு மேல் தனி. ஒட்டிய தலைகளின் மதிப்பு அதற்குப் போதவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். தபால் முத்திரையின் வட்டம் தலையிலிருந்து உறை மேல் முறியாமல் ஓடுகிறதா என்பதையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கராச்சி–பம்பாய் பாதையை ஜே.ஆர்.டி. 1962-லும் 1982-லும் மறுபடி பறந்து கொண்டாடினார். அந்த நினைவு உறைகளை 1932 என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவும் தேறினாலும் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு போன்ற சுதந்திரமான அமைப்பு இந்த உறையைப் போலி என்று சொன்னால் பணம் திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மதிப்புள்ள பழைய ஆவணங்களுக்குத் தொல்பொருள் சட்டம் 75 ஆண்டு வரம்பு வைத்திருக்கிறது. எனவே வெளிநாட்டுக்கு அனுப்புமுன் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதித் தர வியாபாரி தயங்கினால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம்.

இனி பணக்கணக்கு. உறை வட்டி தராது, ஈவுத்தொகை தராது. அவசரத்துக்கு ஒரே நாளில் விற்கவும் முடியாது. ஏலத்தில் விட்டால் கமிஷன் போகும். முதலீடாக வாங்கியதை 24 மாதம் தாண்டி விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. 'இரட்டிப்பு' என்பது வருடத்துக்குச் சுமார் 15 சதவீதம். அதை யாரும் உறுதி தர முடியாது. வைப்புத்தொகையை உடைத்து வாங்கவே கூடாது. பொழுதுபோக்குக்கென ஒதுக்கிய பணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதே உறையை அடுத்த மாதம் நான் திருப்பிக் கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" அவர் 35,000 என்றால், பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.