மேட் கிளியர் அடித்ததும் மாடல் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. டெல்டா பக்கம் ஸ்கேல் மாடல் செய்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

1:72 அளவில், அதாவது அசலில் 72-இல் ஒரு பங்காக, மிக்-21 விமானம் செய்து முடித்து, கடைசியாக மேட் கிளியர் (பளபளப்பு இல்லாத, நிறமற்ற மேல்பூச்சு) அடித்ததும் வெள்ளையாகப் பூத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் "இந்த வயசுல பொம்மை விளையாட்டா" என்கிறார்களாம். பேசாமல் விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊர் திருவாரூர்ப் பக்கம் என்பதால், தனியாக உட்கார்ந்துதான் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

விட வேண்டாம். கும்பகோணத்தில் நாங்கள் ஏழு பேர் இருக்கிறோம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, மூடிக்கிடக்கும் ஒரு கடிகாரக் கடையின் மாடியில் கூடுவோம். பெயர்ப்பலகையோ சந்தாவோ கிடையாது. அவரவர் வேலையை எடுத்து வந்து நடுவில் வைப்போம், மற்றவர்கள் குறை சொல்வார்கள். ஒருவர் நகை செய்யும் பத்தர், ஒருவர் நெட்டிச் செடியின் தண்டில் செதுக்கும் நெட்டி வேலைக்காரர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒரு பையன் கணினியில் வரைந்து 3டி பிரிண்ட் எடுப்பவன். காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் மூன்று பேர்தான்.

வெள்ளை பூத்த கதையை நானும் பட்டிருக்கிறேன், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் செய்தது மீட்டர்கேஜ் காலத்து ஒய்.பி. நீராவி எஞ்சின். முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. எங்கள் பக்கத்து ரயில் பாதை மீட்டர்கேஜாக இருந்த காலத்தில் ஓடியது. கடையில் வாங்க எனக்கு இதற்குக் கிட் கிடைக்கவில்லை, எல்லாமே கையால். அளவு 1:22.5 வைத்துக்கொண்டேன். மீட்டர்கேஜில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள 1000 மி.மீ.யை 22.5-ஆல் வகுத்தால் 44.4 வரும், மாடல் உலகில் 45 மி.மீ. தண்டவாளம் தயாராகவே கிடைக்கிறது. பெரிய சக்கரத்தின் விட்டம் அசலில் 1372 மி.மீ., என் மாடலில் 61. அந்த ஆறு சக்கரங்களையும் பித்தளையில் கடைந்து கொடுத்தவர் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக்குக் கடைசல் பிடிப்பவர். கொதிகலனுக்கு பி.வி.சி. குழாய். கைப்பிடிக் கம்பிகளைப் பத்தர் வெண்காரம் தடவி, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்துக் கொடுத்தார்.

ஒரு பள்ளியில் நவம்பர் 14 கண்காட்சிக்கு எஞ்சினைக் கேட்டிருந்தார்கள். ஐப்பசி அடைமழை. பகல் முழுவதும் பெய்து சாயங்காலம் ஏழு மணிக்கு விட்டது. நாள் போகிறதே என்ற அவசரத்தில் கறுப்பு லாக்கரை (வேகமாகக் காயும் பெயின்ட்) அடித்துவிட்டேன். பத்து நிமிடத்தில் கறுப்பு மேல் சாம்பல் பூசினது போல ஆகிவிட்டது. இரண்டு வருட வேலை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை வாட்டர் பேப்பரை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தேன். தேய்த்திருந்தால் ஒவ்வொன்றாக ஒட்டிய ஆணித் தலைகள் அத்தனையும் போயிருக்கும். நல்ல வேளை, பத்தர் அந்த நேரம் வந்தார்.

"தம்பி, கை வைக்காதீங்க. ஈரம் உள்ள புகுந்திருக்கு. அதைத் தேய்ச்சு எடுக்க முடியாது, வெளிய விடணும்" என்றார்.

அவருக்கு லாக்கர் தெரியாது, ஈரம் தெரியும். நடந்தது அதுதான். லாக்கரில் இருக்கும் தின்னர் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, காயும் பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. (ரசாயனம் படித்தவர்கள் இதை இன்னும் நுட்பமாகச் சொல்வீர்கள், தெரியும். வேலை செய்கிறவனுக்கு இவ்வளவு போதும்.)

மூன்று நாள் காத்திருந்தோம். வெயில் அடித்த ஒரு மதியம், மரப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு போட்டு எஞ்சினை ஒரு மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்தோம். உள்ளே கை வைத்தால் சூடு பொறுக்க வேண்டும், அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். அப்புறம் ரிடார்டர் கலந்த லாக்கர் தின்னரை மட்டும், பெயின்ட் இல்லாமல், தூரத்தில் பிடித்து மெல்லிய பனி போல அடித்தேன். ரிடார்டர் காய்வதைத் தாமதப்படுத்தும். பெயின்ட் மேல்பக்கம் லேசாக இளகி, ஈரம் வெளியேற நேரம் கிடைக்கும். கண் முன்னாலேயே கறுப்பு திரும்பி வந்தது, காக்கை இறகு போல. பத்தர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கண்காட்சியில் அதை எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் களிமண் பழங்களுக்குப் பக்கத்தில், "பொம்மை ரயில்" என்று சீட்டு எழுதி. பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். விருந்தினரோடு வந்த பெரியவர் ஒருவர்தான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தூக்கினார். கம்பி கையோடு வந்துவிட்டது. மேசையில் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் வீட்டில் "பொம்மை" என்று சொல்லும்போது உங்களுக்கு எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

நம் மண்ணுக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டுப் பொழுதுபோக்கு என்று இங்கே சிலர் எழுதுவார்கள். சுவாமிமலைக்குப் போய்ப் பாருங்கள். ஸ்தபதிகள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து ஒவ்வொரு அங்கத்துக்கும் அளவு குறித்துக்கொள்வார்கள். ஒடியோலை என்று பெயர். உத்தம தசதாலம் என்ற அளவு முறையில் சிலையின் உயரம் 124 பங்கு. சிலை ஒரு சாணானாலும் ஓர் ஆளுயரமானாலும் அதே 124 பங்குதான். ஸ்கேல் என்பது இதுதானே? தஞ்சாவூரில் நெட்டியில் பெரிய கோவிலைச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள், அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதைக் கலை என்பவர்கள், நான் எஞ்சின் செய்தால் பொம்மை என்பது நியாயமில்லை.

நெட்டி என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெட்டி குளங்களிலும் ஏரிகளிலும் வளரும் செடி. எங்கள் தெருக்கோடியில் ஒரு குளம் இருந்தது, நான் நீச்சல் பழகியது அதில்தான். லாரி லாரியாக மண் கொட்டித் தூர்த்து மனை போட்டுவிட்டார்கள். மனு எழுதி மூன்று முறை அலைந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இப்போது கார்த்திகை மழையில் வாசல்படி வரை தண்ணீர் நிற்கிறது. எங்கள் குழுவின் நெட்டிக்காரர் முன்பு சைக்கிளில் போய் அறுத்து வந்ததை இப்போது வெளியூரில் காசு கொடுத்து வாங்குகிறார். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் மனசு ஆறவில்லை.

சரி, உங்கள் மிக்-21. அவசரப்பட்டு நான் செய்ததை அப்படியே செய்துவிடாதீர்கள். என் எஞ்சினில் அப்போது எழுத்து, எண் எதுவும் ஒட்டவில்லை. உங்கள் விமானத்தில் டெகால் (எழுத்து, எண், சின்னம் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டியிருப்பீர்கள், லாக்கர் தின்னர் பட்டால் அது சுருங்கிக் கரைந்துவிடலாம். அதோடு, மேட் கிளியர் வெளுப்பதற்கு ஈரம் மட்டும் காரணம் இல்லை. பாட்டிலைச் சரியாகக் குலுக்காவிட்டால் அடியில் தங்கும் மேட் பொடி மொத்தமாக வந்தும் வெளுக்கும். இரண்டில் எதுவானாலும் முதலில் நீர் கலக்கும் அக்ரிலிக் கிளாஸ் கிளியரை (பளபளக்கும் நிறமற்ற பூச்சு) மெலிதாக ஒரு கை அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளை மறைந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு மேட்டை மறுபடி, இந்த முறை பாட்டிலை ஐந்து நிமிடம் குலுக்கிவிட்டு, இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக. முதலில் வயிற்றுப் பக்கம், கண்ணில் படாத இடத்தில்.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் எங்கள் குழுவில் லாக்கரைத் தொடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வெட்டுவது, ஒட்டுவது, பட்டி பார்ப்பது மட்டும். பெயின்ட் வேலையைத் தையிலிருந்து வைத்துக்கொள்வோம், அதுவும் காலைப் பனி விலகி, பதினொரு மணிக்கு மேல். ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று தரும் கம்ப்ரசரின் தொட்டியில் சேரும் தண்ணீரை ஒவ்வொரு முறையும் திறந்துவிடுங்கள். ஏ.சி. அறையில் அடித்தால் இந்தப் பாடே இல்லை என்று எழுதப்போகிறவர்களே, எங்களில் யார் வீட்டிலும் இதற்கென்று ஏ.சி. அறை இல்லை.

காக்பிட் கண்ணாடியை சூப்பர் குளூவில் ஒட்டாதீர்கள், அதன் ஆவி படிந்து கண்ணாடியும் வெள்ளை பூக்கும். ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும்.

கிளாஸ் அடித்துப் பார்த்துவிட்டு என்ன ஆனது என்று இங்கேயே ஒரு வரி போடுங்கள். இரண்டாவது ஞாயிறு பத்தர் என்னிடம் கேட்பார்.