எரிமலை ஏற எந்த மாதம்?

கேள்வி: இந்தோனேசியாவின் ரிஞ்சானி எரிமலையில் ஏற, பிப்ரவரி மாதத்துக்குப் பாதிக் கட்டணத்தில் முன்பதிவு தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 3,726 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் பாதைகள் மழையை முன்னிட்டு வழக்கமாக ஜனவரி முதல் மார்ச் வரை மூடப்பட்டிருக்கும். பூட்டிய கதவுக்குப் பாதி விலையும் நஷ்டமே.

கேள்வி: ஜூலையில் விடுமுறை என்பதால் குவாத்தமாலாவின் அகாதெனாங்கோ எரிமலையில் ஏற விமானச் சீட்டு எடுத்துவிட்டேன். நல்ல பருவம்தானே?

பதில்: சீட்டு எடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டும். வெள்ளம் வரும் முன் அணை போடச் சொன்னார்கள். நீங்கள் வெள்ளத்துக்கே சீட்டு எடுத்திருக்கிறீர்கள். அங்கே ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மழை பெரும்பாலும் பிற்பகலில் வலுக்கும் என்பதால், விடியற்காலைக் காட்சியாவது கிடைக்க வாய்ப்புண்டு.

கேள்வி: ‘ஆண்டு முழுவதும் ஏறலாம்’ என்ற விளம்பரத்தை நம்பலாமா?

பதில்: இத்தொடரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெப்பமண்டலத்தில் பருவத்தைப் பிரிப்பது வெயிலும் குளிரும் அல்ல, மழை. அம்மழையும் எல்லா மலைக்கும் ஒரே மாதத்தில் வருவதில்லை. ரிஞ்சானிக்கு உகந்த மே முதல் செப்டம்பர் வரையான மாதங்கள் அகாதெனாங்கோவில் மழை மாதங்கள். கிளிமஞ்சாரோவிலோ ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-அக்டோபர் என இரண்டு வறண்ட காலங்கள் உண்டு. சாம்பலும் சரளையுமான சரிவில் மழை பெய்தால் பாதையே ஓடையாகிவிடும். நானும் இத்தொடரை நம்பி, மழை மாதமொன்றில் பணம் கட்டியவன்தான். இரவெல்லாம் ஏறி, விடியலில் எரிமலை வாயின் விளிம்பில் நின்று நான் கண்டது, முன்னால் நின்றவரின் முதுகுப்பையும் அதைச் சுற்றிய வெண்மேகமும் மட்டுமே. ‘நீர் புகாது’ என்று சொல்லி விற்ற மழைச்சட்டையும் அன்றே தோற்றது: தையல்களின் உட்புறம் பட்டை ஒட்டப்படாததால், தோளில் புகுந்த நீர் முழங்கை வரை வழிந்தது. வாங்கும் முன் சட்டையை உட்புறம் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: வறண்ட காலத்தில் கம்பளிச் சட்டை தேவையா?

பதில்: தேவை. ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும்.

கேள்வி: வறண்ட மாதம் பார்த்தே முழுத் தொகையும் கட்டினேன். எரிமலை குமுறியதால் பாதை மூடப்பட்டது. ‘இயற்கைச் சீற்றம்’ என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் பிழையே இல்லை. மழையைத்தான் மாதம் பார்த்துக் கணிக்கலாம். மலைக்குள் நடப்பதற்கு நாட்காட்டி கிடையாது. 2023 டிசம்பர் 3 அன்று சுமத்ராவின் மராபி வெடித்து 24 பேர் இறந்தபோது, அங்கே எச்சரிக்கை நான்கு நிலைகளில் கீழிருந்து இரண்டாம் நிலையில்தான் இருந்தது. ஆகவே பாதையை மூடியது சரி. ஏறாத மலைக்குப் பணத்தை வைத்துக்கொள்வது சரியன்று. மூடல் அறிவிப்பையும் ரசீதையும் இணைத்து எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தின் ரத்து விதியை அவர்களுக்கே சுட்டிக்காட்டுங்கள். அட்டையில் கட்டியிருந்தால், சேவை தரப்படவில்லை என்று வங்கியிடம் முறையிடலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, தாமதிக்காதீர்கள். மாற்றுத் தேதி தருவதாகச் சொன்னால், அது மழை மாதமாக இருப்பின் ஒப்புக்கொள்ளாதீர்கள்.