வினைக்கு வால் இல்லாவிட்டால் என்ன?

அன்புள்ள ஐயா,

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் கடலில் உள்ள கேப் வெர்டே தீவுகளின் கிரியோல், அதாவது போர்த்துகீசியமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த மொழி பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். நான், நீ, அவன், யார் செய்தாலும் வினைச்சொல் மாறுவதே இல்லையாம். போர்த்துகீசியத்தைச் சரியாகக் கற்காதவர்களின் குறைமொழி என்பதால்தான் அப்படியா? வேலைக்காக லிஸ்பன் போகிறேன். முதலில் கிரியோல் படித்தால் போர்த்துகீசியம் சுலபமாகுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சுற்றிப் போக வேண்டாம், நேராகப் போர்த்துகீசியமே படியுங்கள். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே நடுங்கும், நல்ல ஸ்வெட்டராக எடுத்துவையுங்கள். சரி, அந்தக் 'குறைமொழி'க்கு வருகிறேன்.

திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள் தம்பி, திட்டத்தான் செய்கிறேன். 1462-ல் கேப் வெர்டேயின் சாந்தியாகு தீவில் போர்த்துகீசியர் குடியேறினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் உருவாக்கிய மொழி அது. இத்தனை தலைமுறை அதில் கொஞ்சி, சண்டைபோட்டு, கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வீடியோ பார்த்துவிட்டு நீங்கள் குறை கண்டுபிடிக்கிறீர்கள்!

அங்கே 'ன்' என்றால் நான். 'ன் குமே' என்று வெறுமனே சொன்னால் சாப்பிட்டேன், காரியம் முடிந்தது. அதேபோல் வெறுமனே 'ன் சபே' என்றால் தெரிந்தது அல்ல, தெரியும், இப்போது. சாப்பிடுவது நடந்து முடிகிற செயல், தெரிந்திருப்பது ஒரு நிலை. மொழி அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் காலத்தையே தீர்மானிக்கிறது. இப்போது இரண்டின் பின்னாலும் 'பா' சேருங்கள். 'ன் சபேபா' என்றால் அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. 'ன் குமேபா' என்றால் அதற்கும் முன்பே சாப்பிட்டிருந்தேன். இரண்டும் ஒரு படிதான் பின்னால் போகின்றன, கிளம்பிய இடம் வேறு என்பதால் சேர்ந்த இடமும் வேறு. பள்ளிக்கூடம் பக்கமே போகாத பாட்டி இதில் தடுமாறுவதில்லை. இதற்குமேல் என்ன இலக்கணம் வேண்டும் உங்களுக்கு?

லிஸ்பனில் ஓர் உணவகச் சமையலறையில் என்னோடு வேலை பார்த்த கேப் வெர்டேயின் தலைநகர் பிராயாவைச் சேர்ந்த அக்கா ஒருவர், தட்டில் கச்சூபாவோடு, அதாவது சோளமும் பீன்ஸும் போட்டு வேகவைத்த அவர்கள் ஊர்ச் சாப்பாட்டோடு, உட்கார்ந்த நேரம் பார்த்து யாராவது கூப்பிட்டால், வாய் நிறைய வைத்துக்கொண்டே 'ன் ஸ்தா தா குமே' என்று அதட்டுவார். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அப்புறம் வா! மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்டால் வெறும் 'ன் தா குமே' போதும், அது வழக்கம். ஒரு சின்ன 'ஸ்தா' கையில் தட்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுகிறது.

கிரியோல்கள் எல்லாவற்றுக்கும் மனித மூளையிலேயே ஒரு பொது அச்சு இருக்கிறது என்று மொழியியலாளர் டெரக் பிக்கர்டன் 1981-ல் எழுதினார். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். ஆனால் இதே 'தா'வை மற்ற கரைகளில், போர்த்துகீசியத்திலிருந்து பிறந்த வேறு கிரியோல்களில் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி பிசாவில் வழக்கத்துக்கு 'தா', நடந்துகொண்டிருப்பதற்கு 'னா'. மலேசியாவின் மலாக்காவில் பேசும் கிறிஸ்தாங் மொழியில் நடந்துகொண்டிருப்பதற்கே 'தா'தான். இலங்கையின் மட்டக்களப்பில் வாழும் போர்த்துகீசிய வம்சாவளிப் பறங்கியரிடமோ கதையே வேறு. போர்த்துகீசியர் 1658-லேயே இலங்கையை இழந்துவிட்டார்கள், மொழி அங்கேயே தங்கித் தமிழோடு குடித்தனம் நடத்தியது. வினை நம்முடையதைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் முன்னால் 'ஜா' ஒட்டினால் இறந்தகாலம், 'தா' நிகழ்காலம், 'லோ' எதிர்காலம். நம் 'சாப்பிடுகிறேன்' தினமும் நடப்பதையும் இப்போது நடப்பதையும் சேர்த்துச் சுமக்கிறதே, அந்தச் சுமையை அங்கே 'தா' தூக்குகிறது. வீடியோக்காரரிடம் இதையும் கேட்டுப் பாருங்கள்.